பியர் மாமியின் சலவை நாள்

"சயன்ஸ் படிச்சனியாம். நல்லது பிள்ளை. ஆனா சுவிஸில உன்ர சயன்ஸ் கோப்பை கழுவத்தான் உதவும். உங்கட வீட்டில உனக்கு முன்னம் ஆர் படிச்சது, நீ லாப்பில போய் நிக்கிறதுக்கு?"

அண்ணையின் நண்பர் ஒருவர், சுவிஸின் பாடன் நகரில் எங்கள் வீட்டு மேசையில் அமர்ந்து ஞாயிற்றுக்கிழமைச் சோற்றைக் குழைத்தபடி இதைச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. பருப்பு நல்லாயிருக்கு என்று சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னார். நான் அவருக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அண்ணை வேலைசெய்த ஹோட்டல் சமையலறையில் எனக்கும் ஒரு வேலை பிடித்துத் தந்திருந்தார். கோப்பை கழுவும் வேலைதான். ஆனால் நான் ஊரில் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்தவள். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்துக்கு முழுதாகப் போய்வந்த முதல் ஆள் நான். அதை மறைக்கவும் மாட்டேன், அடக்கமாகச் சொல்லவும் மாட்டேன். ஆய்வுகூட உதவியாளராகப் பயிலுநர் இடம் ஒன்று எடுக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் தலைக்குள் இருந்த ஒரே எண்ணம். இந்த நாட்டில் மூன்று வருடம் வேலைத்தலத்திலேயே பழகி, வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கூடமும் போய்த்தான் அந்தத் தொழிலுக்கு வரலாம். எடுப்பதற்கு முன் சில நாள் வரச்சொல்லி ஆளைப் பார்ப்பார்கள். என்னை யாரும் பார்க்கக்கூடக் கூப்பிடவில்லை.

நண்பர் சொன்னதை அடுத்தநாள் கீழ்வீட்டுப் பெண்மணியிடம் சொன்னேன். அவர் சுவிஸ்காரி. எங்கள் கட்டடத்தின் பராமரிப்பாளர். அண்ணையும் நானும் எங்களுக்குள் அவரைப் பியர் மாமி என்போம். அவர் பேசியது சுவிஸ்ஜேர்மன். ஆனால் எனக்கு இப்போது அவர் யாழ்ப்பாணத் தமிழில் கதைத்ததாகத்தான் நினைவு வருகிறது. அவருடைய குரலுக்கு அது பொருந்தும்.

"அவன் சொன்னது பிழை" என்றார் மாமி.

எனக்குச் சந்தோஷம்.

"நீ செய்ததும் பிழை. அவனுக்கு முன்னால வாயைத் திறக்காமல் சோத்தைப் போட்டிட்டு, இஞ்ச வந்து எனக்குச் சொல்லுறாய். கோப்பை கழுவவும் சயன்ஸ் வேணும். சவர்க்காரம் என்ன செய்யுதெண்டு அவனுக்குத் தெரியுமோ? கேட்டிருக்கலாமே!"

இதுதான் மாமி. யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு மறுப்பு இருக்கும். இன்றைக்கு நல்ல வெயில் என்றால், வெயிலோ, கண் கூசுது என்பார். குளிர் என்றால், மார்கழியில் வேற என்ன எதிர்பார்த்தனி என்பார். கோபத்தில் சொல்வதில்லை. பந்து விளையாடுகிறவர் பந்தைத் திருப்பி அடிப்பதுபோலச் சொல்லிவிட்டு, அடுத்த அடிக்காகக் கன்னம் சிவக்கக் காத்து நிற்பார். யாராவது "நீங்கள் சொல்வது சரி" என்று ஒத்துக்கொண்டால் அவருடைய முகம் விழுந்துவிடும். கதை முடிந்துபோச்சே என்ற கவலை.

அவரை நான் முதலில் சந்தித்ததே ஒரு பிழையால்தான். எங்கள் கட்டடத்தில் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து நிலவறையில் ஒரு சலவை அறை. இரண்டு வாரத்துக்கு ஒருநாள் ஒரு வீட்டுக்கு. அந்த முறை வேதம் மாதிரி. எங்களுக்கு அது அப்போது பிடிபடவில்லை. அண்ணையின் சமையலறை வெள்ளை உடுப்புகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு ஒரு சனிக்கிழமை இறங்கிப் போனேன். கதவைத் திறந்தால் புகை. நடுவில் ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பருத்த பெண். சலவை இயந்திரம் வந்தபிறகும் கழற்றாமல் விட்டிருந்த பழைய செப்புக் கொதிகலனுக்குள் துடுப்புப்போன்ற ஒரு கட்டையை விட்டுக் கிண்டிக்கொண்டு நின்றார். உடுப்புத்தான் அவிக்கிறார் என்று நினைத்தேன். மணம் வேறு விதமாக இருந்தது. பாணும் பச்சிலையும் ஒன்றாய்க் கொதிப்பதுபோல.

இன்று தன்னுடைய நாள் என்றார். தன் உடுப்பையெல்லாம் குளிக்கும் தொட்டியில் கையால் தோய்த்துவிட்டு, சலவை நாளைப் பியர் காய்ச்சுவதற்கு வைத்துக்கொள்பவர் அவர். கொதிகலனுக்குள் சவர்க்காரம் ஒரு துளி போனாலும் பியரில் நுரை நிற்காதாம். அதனால் கட்டடத்தில் வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. பதிலுக்கு, அடுத்தநாள் தோய்க்கிற வீட்டுக்காரரின் கட்டில் விரிப்புகள் எல்லாம் பாண்கடை மணத்தோடு காயும். அதை யாரும் முறைப்பாடு செய்ததாகத் தெரியவில்லை. செய்தாலும் பராமரிப்பாளர் அவர்தானே.

ஒரு பிடி பச்சைப் பூவை உள்ளங்கையில் நசுக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "எப்பிடி?"

"நல்லம்" என்றேன்.

"நல்லம் எண்டு ஒரு மணம் இருக்கோ? எங்க இருக்கு? எந்தக் கடையில விக்குது?"

எனக்கு அப்போது இருந்த ஜேர்மனில் அடுத்த சொல்லைத் தேட நேரமெடுத்தது. "புதுப் பாய்" என்று சொல்லத் தெரியாமல், "நிலத்தில் விரித்துப் படுக்கிற புல்" என்றேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புல்லோ! ஸாட்ஸைப் பார்த்துப் புல் எண்டு சொல்லுறாய்!" என்று கத்தினார். அப்படி ஒரு மகிழ்ச்சி அவர் முகத்தில்.

அந்தப் பச்சைப் பூதான் ஹொப். கொடியில் பூப்பது. விரல் நுனியளவு, செதில் செதிலாக இருக்கும். பியரின் கசப்பும் வாசமும் அதிலிருந்துதான் வருகின்றன. வெற்றிலையில் ஊருக்கு ஊர் வேறுபாடு இருப்பதுபோல ஹொப்பிலும் இனத்துக்கு இனம் மணம் வேறு. மாமிக்குச் செக் நாட்டு ஸாட்ஸ். வேறொன்றும் ஆகாது. மேல்மாடியில் இருந்த ரயில் சாரதிக்கு நொர்தர்ன் புருவர். கசாயம் மாதிரிக் கசக்கும். "நாக்கு சுருளாட்டி அது குழந்தைப் பால்" என்பார் அவர். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரருக்குப் போடன் ஏரிக்கு அக்கரையிலிருந்து வரும் தெட்னாங்கர். எனக்கு அது கொத்தமல்லித் தண்ணீரை நினைவூட்டும். மூவரும் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் சலவை அறையில் கூடி, மூவரும் மூவருடையதையும் குடித்து, மூவரையும் திட்டுவார்கள்.

"உன்ர பியரைக் குடிச்சால் ரயில் தண்டவாளத்தை நக்கின மாதிரி இருக்கு" என்பார் மாமி.

"உன்ரயைக் குடிச்சால் மாட்டுக்குத்தான் பசி வரும்" என்பார் சாரதி.

மருந்துக்கடைக்காரர் வண்ணத்துப்பூச்சி மாதிரிக் கழுத்துப்பட்டி கட்டுகிறவர். உரத்துப் பேசமாட்டார். "இரண்டும் மருந்தாக விற்கலாம், ஆனால் நோயாளி திரும்பி வரமாட்டார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குவளையைத் துடைப்பார்.

இவர்கள் ஏன் ஒரே ஹொப்பைப் போட்டுச் சண்டையில்லாமல் குடிக்கக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன். மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எல்லாருக்கும் பிடிச்ச குடிவகை ஒண்டு இருக்கு. குழாயில வருது. போய்க் குடி."

நான் அங்கே போய் நிற்பது அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளை பியர் கிண்டுற இடத்தில நிக்கிறாய். மணக்கிறது சரி. விழுங்கினாய் எண்டால் ஊருக்கு எழுதுவன்."

"எழுதுங்கோ. ஆருக்கு? அப்பாவுக்கோ? அவர் காலமையும் பின்னேரமும் கள்ளு இறக்கிறவர்."

அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா பனையேறிச் சீவுகிறவர். அந்த மணம் என் புத்தகப்பையில்கூட இருக்கும். வகுப்பில் சில பிள்ளைகள் என் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருக்கமாட்டார்கள். அவர்களைவிடக் கூடிய புள்ளி எடுத்து அந்தக் கணக்கை நான் அங்கேயே முடித்துவிட்டேன். மாமியிடம் அப்பாவின் தொழிலைச் சொன்னபோது அவர் துள்ளி எழும்பினார்.

"அப்ப உன்ர அப்பாவும் எங்களை மாதிரிக் காய்ச்சிறவர்!"

"இல்லை. அவர் காய்ச்சிறேல்லை. மரம் தருது, அவர் இறக்கிறார்."

"ஹொப் போடுறேல்லையோ?"

"ஒண்டும் போடுறேல்லை."

"அப்ப அது பியர் இல்லை."

"ஆர் பியர் எண்டு சொன்னது? அது கள்ளு."

"ஹொப்பும் இல்லை, மரமும் ஒரே இனமெண்டால் உங்கட ஊரில சண்டை எப்பிடி வரும்? எல்லாம் ஒரே ருசிதானே?"

இங்கேதான் நான் முதல்தடவை அவரை வென்றேன். அப்பாவிடம் ஓலைப் பிளாவில் வாங்கிக் குடிக்கிறவர்கள் எந்தப் பனையின் கள்ளு என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். கிணற்றடிப் பனை இனிப்பு, வேலிப்பனை காரம் என்று ஆளுக்கொரு கட்சி. வேலிப்பனைக்காரர் ஒருவர் தன் சம்பந்தியோடு இதற்காக ஒரு தைப்பொங்கல் முழுதும் பேசாமல் இருந்தார். இதைச் சொன்னதும் மாமி ரப்பர் சப்பாத்தால் தரையைத் தட்டினார். "நல்ல சனம்! நல்ல சனம்!" பிறகு சற்று யோசித்து, "வேலிப்பனைதான் சரியா இருக்கும்" என்றார், இரண்டையும் காணாமலே.

வருடத்துக்கு ஒருமுறை மூவருக்கும் போட்டி. வென்றவரின் கதவில் காய்ந்த ஹொப் மாலை ஒன்று அடுத்த போட்டிவரை தொங்கும். அந்த வருடம் நடுவராக என்னை வைத்தார்கள். நான் குடிப்பதில்லை, எந்த இனத்திலும் பற்று இல்லை, மூக்கு மட்டும் இருக்கிறது என்பது மாமியின் நியாயம். மணந்து, ஒரு வாய் எடுத்து, சலவைத் தொட்டியில் துப்பிவிட்டு, முடிவை அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஒருவர் தன் கையால் செய்து தந்ததைக் குறைசொல்லக்கூடாது என்றுதான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். உப்பில்லாவிட்டாலும் நல்லாயிருக்கு என்று சொல்லி இலையை மடிக்க வேண்டும். சாரதி மாடிப்படியில் என்னை மறித்து, "ஆருடைய பியர் நல்லது?" என்றார். "உங்கடதான்" என்றேன். அவருக்கு முன்னால் வேறென்ன சொல்வது? மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்து தரும்போது இதையும் கேட்டார். அவருடையதுதான் என்றேன். மாமி கேட்டபோதும் அதே பதில்தான். மூன்று பேரும் சந்தோஷமாகப் போனார்கள். நல்ல பிள்ளையாக நித்திரை கொண்டேன்.

சனிக்கிழமை காலை நிலவறையிலிருந்து சத்தம். மாலையின் ஒரு நுனி சாரதியின் கையில், மறுநுனி மாமியின் கையில். மருந்துக்கடைக்காரர் சுத்தியலும் ஆணியும் கொண்டு வந்து நின்றார். காய்ந்த பூ உதிர்ந்து தரை முழுக்கச் சிதறிக் கிடந்தது. மூவரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். சாரதி விழுந்து விழுந்து சிரித்தார். மருந்துக்கடைக்காரர் ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மிகவும் மரியாதையான வழக்கம் என்றார். மாமிக்கு மட்டும்தான் உண்மையாகவே மனம் நொந்தது.

"பொய் சொன்னதுக்கு நான் கோபிக்கேல்லை. தோத்திருந்தால் ஒரு வருஷம் உன்னோட சண்டை பிடிச்சிருப்பன். அந்தச் சண்டையை நீ எனக்குத் தராமல் விட்டிட்டாய்."

அந்த வருடம் மாலை யார் கதவிலும் தொங்கவில்லை. தொங்குவதற்கு மாலையும் இல்லை.

மாமி இப்போது பாடனில் இல்லை. ஏரிப்பக்கம் தமக்கையோடு இருக்கப் போய்விட்டார். தமக்கையும் இவரைப் போலவே மறுத்துக் கதைக்கிறவராம். தொலைபேசியில் பின்னால் அந்தக் குரலும் கேட்கும். யார் யாரிடம் கதைக்கிறார்கள் என்று தெரியாது. போவதற்கு முந்திய காலத்தில் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

சாரதியின் தங்கை அமெரிக்காவில் இருந்தார். அவர் ஒரு தகரப்பேணியில் அங்கத்தைய ஹொப் அனுப்பியிருந்தார். பெயர் கஸ்கேட். பேணியைத் திறந்ததும் மாமி முகத்தைத் திருப்பினார். "குளியலறைச் சவர்க்காரம்!" மருந்துக்கடைக்காரர் தன் கடையின் தொண்டை இனிப்புகளில் ஒன்றைச் சொன்னார். சாரதி, தங்கை இதைப் பூனைக்கு வாங்கியிருக்கக்கூடும் என்றார். பேணி என் கைக்கு வந்தது.

பம்பளிமாசு! தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அந்த எண்ணெயின் மணம். அப்படியே.

"இது நல்லம்" என்றேன்.

"நல்லம் எண்டு ஒரு மணம்..." என்று மாமி தொடங்கினார்.

"பொறுங்கோ. இது பம்பளிமாசு. தலையளவு தோடம்பழம் எண்டு நினையுங்கோ. உங்கட மூண்டையும்விட இது நல்லம். உங்கட ஸாட்ஸ் நனைஞ்ச பாய். இவரின்ர கசாயம். அவரின்ர காய்ச்சலுக்குக் குடிக்கிற மல்லித்தண்ணி. எனக்கு இதுதான் விருப்பம்."

மூன்று சுவிஸ்காரர்களை அவர்களின் பியருக்கு முன்னாலேயே ஒவ்வொருவராகத் திட்டியிருந்தேன். காது சூடாகியது. மாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"சவர்க்காரம்."

"பம்பளிமாசு."

"என்ர நாளில, என்ர கொதிகலனில, இந்தச் சவர்க்காரத்தைப் போடமாட்டன்."

"என்ர நாளில போடுறன். புதன்கிழமை எங்கட முறை."

அப்படித்தான் எங்கள் சலவை நாளில் பியர் கொதித்தது. கிண்டியது மாமி, முழுநேரமும் புறுபுறுத்துக்கொண்டு. எப்போது ஹொப் போடுவது, எவ்வளவு போடுவது என்று மணந்து மணந்து சொன்னது நான். அண்ணை இரண்டு வாரம் அழுக்கு வெள்ளையோடு வேலைக்குப் போனார். புளித்து அடங்கிப் போத்தலில் ஏறியபின் மூவரும் குடித்துப் பார்த்தார்கள். சவர்க்காரம், தொண்டை இனிப்பு, பூனை. ஒருவரும் சொன்னதை மாற்றவில்லை. ஆனால் மாதமுடிவில் போத்தல்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. அண்ணை குடித்தாரா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஓர் ஆய்வுகூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஆப்பிள் சாறு பிழியும் ஒரு சிறிய நிறுவனம். மூன்று நாள் வந்து பார் என்றார்கள். முதல் இரண்டு நாளும் குழாய்களைக் கழுவினேன், எடை பார்த்தேன், கொஞ்சம் எழுதினேன். மூன்றாம் நாள் மேசையில் மூன்று குவளைச் சாறு. பொறுப்பாளரும் அங்கே வேலைசெய்த இருவரும் மணந்து பார்த்தார்கள். இரண்டாவதுதான் திறம் என்று மூவரும் தலையாட்டினார்கள். பிறகு எனக்குத் தந்தார்கள்.

தலையாட்டுவது எவ்வளவு சுகம்! மூன்று வருடத்து வாழ்க்கை அந்தத் தலையாட்டலில் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும்.

"இரண்டாவதில், பழம் விழுந்து ஈரமண்ணில் கிடந்த மணம் இருக்கிறது" என்றேன்.

"எனக்கு அப்படி ஒன்றும் மணக்கவில்லை" என்றார் பொறுப்பாளர். அவருடைய கழுத்து சிவந்தது.

"எனக்கு மணக்கிறது."

அவர் திரும்பவும் மணந்தார். திரும்பவும் இல்லை என்றார். நான் திரும்பவும் இருக்கிறது என்றேன். குவளையை மேசையில் வைத்துவிட்டுப் பேசினேன். கடைசியில் ஒரு தாளைத் தள்ளி, சொன்னதை ஜேர்மனில் எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் என் எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். வசனத்தை அப்படியே விட்டார். இரண்டாவது குவளையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பின்னேரம் கூப்பிட்டுச் சொன்னார். என்னை எடுக்க அவர்களுக்கு விருப்பம். ஓகஸ்டில் தொடங்கலாம். ஆனால் எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரருக்குக் கன்டோன், அதாவது மாநில, அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அது வரும் என்று தான் நம்புவதாகவும், உறுதிசொல்ல முடியாது என்றும் சொன்னார். வீட்டில் கதைத்து, நன்றாக யோசித்து, திங்கட்கிழமை பதில் சொல் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மாமி வாசற்படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஈரமண் கதைக்கு இரண்டுதரம் கைதட்டினார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, படியிலே குந்தினார். எனக்கும் இடம் விட்டார்.

"கவனமாக் கேள் பிள்ளை. அனுமதி கையில வருமட்டும் ஹோட்டல் வேலையை விடாதை. வராட்டி என்ன செய்வாய்? பயிலுநருக்குச் சம்பளமும் குறைவு. உன்ர அண்ணை பிடிச்சுத் தந்த வேலை, அவரைக் கேக்காமல் ஒண்டும் செய்யாதை. திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. யோசி."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு சொல்லும் நியாயம். ஞாயிற்றுக்கிழமைச் சோற்று மேசையில் யாரும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

"இல்லை" என்றேன்.

"என்ன இல்லை? எது இல்லை?" மாமியின் கன்னம் சிவக்கத் தொடங்கியது. "இதில எது பிழை, சொல்லு பாப்பம்!"

"ஒண்டும் பிழையில்லை. ஆனா வாற வழியில ஹோட்டலுக்குப் போயிட்டுத்தான் வாறன். ஏப்ரனைக் கழட்டிக் குடுத்திட்டன். நான் நிக்கேக்கையே இன்னொருத்தி அதைக் கட்டிக்கொண்டு கோப்பைக்குக் கை வைச்சிட்டாள்."